வெடிப்பலாவை விட்டுவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் கேரளத்தின் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். நீர்மின் திட்டம், அதற்கு 1970களில் கிளம்பிய எதிர்ப்பு, 1984 இல் தேசியப் பூங்கா அறிவிப்பு எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் 'ஒரு குரங்கினத்துக்காக மின்சாரத்தை விட்டுக்கொடுத்தார்கள்' என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படி எழுதினால், குரங்குகளைப் பிடித்து வேறு காட்டில் விட்டிருக்கலாமே என்றுதான் வாசிக்கிறவர் கேட்பார்.

சிங்கவால் குரங்கை அப்படி இடம் மாற்றிவிட முடியாது. அது வெடிப்பலாவை நம்பி வாழ்கிற உயிர். தூரியன் குடும்பத்தைச் சேர்ந்த அந்த நெடுமரம், கிளைகளை ஒட்டியே கொத்துக்கொத்தாகப் பூக்கும். பூவுக்கு இதழ் கிடையாது, இதழைச் சுற்றி இருக்கும் வெளியுறையான புல்லிதான் சதைப்பிடிப்பாக இருக்கும். மற்றப் பழங்கள் அருகிப்போகும் வறண்ட மாதங்களில் குரங்கும் மலை அணிலும் வௌவாலும் அந்தப் பூவைத் தேடி வரும். அப்புறம் காய். பாலக்காட்டு உறவினரோடு போயிருந்தபோது, முக்காலி என்ற ஊரிலிருந்து பூங்காவுக்குள் இருக்கும் சைரந்திரிக்குப் போகும் வழியில் ஜீப்பை நிறுத்திக் காட்டினார்கள். பெரிய ஆண் குரங்கொன்று முள் மூடிய காயை இரண்டு கையாலும் பிடித்து, பல்லால் கிழித்து, விதைகளைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டிருந்தது. கோது பொத்தென்று கீழே விழுந்தது.

அணை கட்டினால் மூழ்கவிருந்தது ஏறக்குறைய 830 ஹெக்டேயர்தானே என்று கட்டுரை சமாதானம் சொல்கிறது. அது குந்திப்புழை ஓடும் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி, ஐயா. இந்தக் குரங்குகள் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளை விட்டுக் கிளை தாவித்தான் அவற்றின் போக்குவரத்து. அங்கே தண்ணீர் தேங்கியிருந்தால் இரு கரைக் காடுகளும் ஒன்றையொன்று விட்டு விலகிப் போயிருக்கும். பரப்பைக் கணக்குப் பார்த்தால் இது தெரியாது.

இதைக் கொழும்பிலிருந்து எழுதக் காரணம் இருக்கிறது. வெடிப்பலாவின் பேரினம் உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையிலும் எங்கள் தீவிலும் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. சிங்கராஜக் காட்டில் நிற்கும் அதன் உடன்பிறப்பைச் சிங்களத்தில் கட்டுபொட என்பார்கள். அந்தக் காட்டிலும் 1970களில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரம் வைத்து மரம் தறித்தார்கள். மக்கள் எதிர்த்ததால் 1977 இல் அது நின்றது. 1988 இல் உலக மரபுரிமையானது. இரண்டு காடுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தப்பியவை. கட்டுரையில் இதற்கு ஒரு வரியாவது இருந்திருக்கலாம்.

மிருகங்களின் படங்கள் நிறையப் போட்டீர்கள், நன்றி. அடுத்த தடவை மரங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சிங்கராஜவுக்குச் சுற்றுலா போகும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் கட்டுபொடவின் கீழே நின்றும் அதை அடையாளம் காணாமல் திரும்புகிறார்கள். பூ, காய், இலை மூன்றின் படத்தையும் போட்டு, எந்த மாதத்தில் பூக்கும், எதெது வந்து தின்னும் என்று தமிழில் எழுதினால் வெட்டி எடுத்துக் கொண்டுபோவார்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6