பேத்தியின் பத்திரிகைக்கு உங்கள் கையெழுத்து

மதுரை

அன்புள்ள நண்பருக்கு வணக்கம்.

உங்கள் பேத்தியின் திருமணப் பத்திரிகைக்காக நீங்கள் தூரிகையால் எழுதி அனுப்பிய மாதிரித் தாள் கிடைத்தது. கீழமாசி வீதிக் கடைகளின் பலகைகளில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் அண்ணாந்து பார்த்த அதே சுழியையும் அதே கொம்பையும் கண்டு, உங்கள் கை இன்னும் நடுங்கவில்லை என்று மகிழ்ந்தேன்.

அதைக் கணினியில் அச்சடிக்க உதவும் எழுத்துருவாக்கும் வேலையை என் மகன் தொடங்கிவிட்டான். எழுத்துகள் 247 என்றாலும் அத்தனையையும் எழுத வேண்டியதில்லை. துணைக்காலையும் கொம்புகளையும் தனியே எழுதிக் கொடுத்தால் கணினியே உரிய இடத்தில் சேர்த்துக்கொள்ளும். ஆனால் கு, சு, டு, மு, து என உகரம் மெய்க்கு மெய் வேறு விதமாக வளைவதால், உகர ஊகார எழுத்துகள் 36-ஐயும் நீங்கள் தனித்தனியே எழுதியாக வேண்டும். ஆங்கிலக் கூட்டெழுத்தைப் போல நம் எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடுவதில்லை. ஆகவே கையெழுத்தின் அழகெல்லாம் இந்த வால்களிலும் சுழிகளிலும்தான் இருக்கிறது.

இன்னொன்று. 'மணமகள்' என்ற சொல்லில் இரண்டு 'ம' வருகின்றன. இரண்டும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றாக இருந்தால் அது கையெழுத்தாகத் தோன்றாது. ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப் வரைந்து 1998-இல் வெளிவந்த ஸாப்ஃபினோ என்ற ஆங்கில எழுத்துருவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. நாமும் அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இரண்டு மூன்று வடிவங்களாவது வைத்துக்கொண்டால், அவற்றை மாற்றி மாற்றி இடும்படி எழுத்துருவிலேயே ஏற்பாடு செய்துவிடலாம். 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தோடு அச்சிலிருந்து விடைபெற்ற, தும்பிக்கை தூக்கிய பழைய லை, ளை, னை, ணை உங்கள் கையில் இன்னும் தங்கியிருக்கின்றன. அவற்றையும் அலங்கார வடிவங்களாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்; என் மகனுக்கு இதில் முழுச் சம்மதமில்லை.

பத்திரிகை முழுவதையும் இதிலேயே அச்சிட வேண்டும் என்ற உங்கள் விருப்பத்தை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. போன ஆவணியில் ஒரு காதணி விழாப் பத்திரிகையை இப்படிச் சுழித்த எழுத்திலேயே, அதுவும் சிறிய அளவில் அடித்துக் கொடுத்தேன். தாய்மாமன் தம் பெயரை அதில் கண்டுபிடிக்க முடியாமல், விட்டுவிட்டார்கள் என்றே எண்ணிக்கொண்டு, சீர் கொண்டுவர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த நானும் போக வேண்டியதாயிற்று. ஆகவே தலைப்பும் மணமக்கள் பெயர்களும் உங்கள் கையெழுத்தில், நன்கு பெரிதாக, சுற்றிலும் வெற்றிடம் விட்டு இருக்கட்டும். நாள், மண்டபம், உறவினர் பெயர்கள் வழக்கமான நேர் எழுத்திலேயே இருக்கட்டும்.

மீதி எழுத்துகளைக் கோடில்லாத வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதி அனுப்புங்கள். பத்திரிகையின் உச்சியில் வைப்பதற்குப் பிள்ளையார் சுழியையும் இரண்டு மூன்று விதமாக எழுதி வையுங்கள். பேத்தியே ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

உங்கள் அன்பு நண்பன்