பட்டறையைத் தடுக்காதீர்கள், தரைக்கு நிபந்தனை போடுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீடு, அவுட்பில்டிங் (வீட்டோடு சேர்ந்த தனிக் கட்டடம்) வாடகைக்கு விடும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

"வீட்டில் பட்டறை வேலை எதுவும் கூடாது." என் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது. உங்களில் பலரும் இதையே எழுதுகிறீர்கள். காரணம் தரைதான் என்பது எங்களுக்குத் தெரியும். பார்க்கே தரையில் (சிறு மரக்கட்டைகளை ஒட்டிப் பதித்த தரை) கட்டை ஒன்று பெயர்ந்தால் அதே நிறத்தில் இன்னொன்று தேடி அலைய வேண்டும், பழைய டைல் கடையில் கிடைக்காது. உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்த வரியால் தரைக்கு ஒரு நன்மையும் இல்லை.

தைப்பூசம் நெருங்கும்போது நம் தெருக்களில் காவடிக்கு மரம் அறுக்கும் சத்தம் கேட்காமலா இருக்கிறது? தடை போட்டாலும் வேலை நடக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பழைய போர்வையை விரித்து நடக்கும். ஒளிந்து செய்கிறவர் உங்களிடம் வந்து "ஐயா, இந்தத் தரைக்கு எதை விரிக்கலாம்?" என்று கேட்க மாட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்கும்படி செய்யுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏனென்றால் பதில் தரைக்குத் தரை வேறு. வைனல் என்னும் பிளாஸ்டிக் தரையில் கறுப்பு ரப்பர் பாயைப் போடுவது நல்ல எண்ணத்தில் செய்கிற கெடுதல். ரப்பரில் கலந்திருக்கும் ரசாயனம் மெல்ல வைனலுக்குள் இறங்கி, மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை பிடித்துவிடும். அது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, தேய்த்தாலும் போகாது. ரப்பர் சக்கரம் வைத்த மேசையை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தாலும் இதே கதைதான். வைனல் என்றால் முதலில் மேசோனைட் பலகை (மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய பலகை), ரப்பர் வேண்டுமானால் அதற்கும் மேலே.

பார்க்கேயில் பிரச்சினை வேறு. டர்பன் கோடையின் புழுக்கம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மரத்தரையை பிளாஸ்டிக் தாளால் மாதக்கணக்கில் மூடி வைத்தால் அடியில் ஈரம் தங்கும், கட்டை உப்பும், ஒட்டு விடும். காற்றுப் போகும் துணியோ அட்டையோ விரித்து, அதன் மேல் பிளைவுட் போடுவதே சரி. அவ்வப்போது தூக்கிப் பார்த்துப் பெருக்கவும் வேண்டும். பலகைக்கு அடியில் புகுந்த மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். விரிப்பின் ஓரங்களை பார்க்கேமேல் டேப் போட்டு ஒட்டுவதும் வேண்டாம். உரிக்கும்போது பாலிஷும் கூட வந்துவிடும்.

பாரத்தைப் பற்றியும் தவறான பயம் இருக்கிறது. மேசையும் வைஸும் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு காலும் ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் கட்டை என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோதான். அதையே சின்ன இரும்புச் சக்கரங்களில் நிறுத்தினால், ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாது. 25 கிலோ ஒரே புள்ளியில் இறங்கும். குழி விழுவது அங்கேதான். காலுக்கடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு வைத்தால் பாரம் பரவிவிடும். அடித்தரையோடு ஒட்டாமல் மேலே விரித்த, மிதக்கும் லேமினேட் பலகைத் தரையில் மட்டும் பெரிய பாரமே வேண்டாம். அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் விரிந்து சுருங்க இடம் வேண்டும், ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால் இன்னொரு பக்கம் எழும்பும்.

இரும்பைத் தீட்டி அறுக்கும் கிரைண்டர் வேலையை வீட்டுக்குள் தடை செய்யுங்கள், அதில் உங்கள் பக்கம்தான் நான். பொறி டைலின் பளபளப்பில் உருகி ஒட்டிக்கொள்ளும், வைனலைச் சுடும். தெறித்த இரும்புத் தூள் ஈரம் பட்டால் துருக்கறை. அதை வெளியே, வெறும் சிமென்ட் தரையில் வைத்துக்கொள்ளட்டும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடுவதையும் தடை செய்யலாம். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், அப்புறம் தரையைப் பற்றிப் பேசவே இடமிருக்காது.

இனி டிபாசிட். நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டு 50-ஆம் எண் வாடகை வீட்டுச் சட்டம், குடிவரும் முன் இரு தரப்பும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, பழுதுகளை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்கிறது. ஒப்பந்தம் முடியும் முன் மூன்று நாளுக்குள் மறுபடியும் சேர்ந்து பார்க்க வேண்டும். அப்போது நீங்கள் வராவிட்டால் வீடு நல்ல நிலையில் இருப்பதாக ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. பழுது பார்க்கப் பிடித்த பணத்துக்கு ரசீதும் காட்ட வேண்டும். இதெல்லாம் உங்களுக்கும் பாதுகாப்புதான். முதல் நாளே தரையைப் படம் எடுத்து இருவரும் கையெழுத்திட்டிருந்தால், "இந்தக் கீறல் அப்போதே இருந்தது" என்ற வாக்குவாதத்துக்கே வேலையில்லை.

ஆகவே அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: "பட்டறை வேலைக்கு ஓர் அறை அல்லது கராஜ் மட்டும். அந்தத் தரைக்கு ஏற்ற விரிப்பை உரிமையாளர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்கலாம். விரிப்பின் செலவு குடியிருப்பவருடையது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை விரிப்பைத் தூக்கி இருவரும் தரையைப் பார்ப்பார்கள்."

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு மரவேலைக்காரன்