சயாம் ரயில்பாதையில் ரத்தம் ஏற்றிய விதம்

ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் கூலிகளையும் வைத்துப் போட்ட சயாம் (தாய்லாந்து)-பர்மா ரயில்பாதை பற்றிய உங்கள் கட்டுரை (ஞாயிறு இணைப்பு) கைதிகளின் பட்டினியை நன்றாகவே சொல்கிறது. முகாம் மருத்துவத்தை மட்டும் 'மருந்து இல்லை' என்று ஒரே வரியில் முடித்தது சரியல்ல. அந்தப் பாதையோரம் இருந்த சுங்காய் கைதி முகாமில் கனடாவில் வளர்ந்த மருத்துவர் ஜேக்கப் மார்கோவிட்ஸ் ரத்தமே ஏற்றினார்.

உறையாமல் காக்கும் சிட்ரேட் கிடைக்கவில்லை. எனவே எடுத்த ரத்தத்தை விடாமல் கலக்கினார்கள். ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரதம் நார்நாராகத் திரண்டு கலக்கும் குச்சியில் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தை மெல்லிய துணியில் பல மடிப்பாக வடிகட்டி உடனே ஏற்ற வேண்டும். கலக்குவதைப் பாதியில் நிறுத்தினால் கட்டி ஊசியை அடைக்கும். முரட்டுத்தனமாக அடித்தால் சிவப்பணுக்கள் உடையும். ரத்த வகை பொருந்தாவிட்டால் ஆளே போய்விடுவார். கொடுத்தவர்களும் அதே அரைவயிற்றுக் கைதிகள்தான்.

மூங்கில் கீறிய காலில் புண் எலும்புவரை அரித்தபோது கரண்டியால் சுரண்டினார்கள். முடியாதபோது காலையே எடுத்தார்கள்.

மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்குப் பெரும்பாலும் இந்த வைத்தியம்கூட இல்லை. செத்தவர்களும் கைதிகளைவிட அவர்களே அதிகம். அடுத்த பகுதியில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

- ரத்த வங்கி ஊழியர், திருச்சி