மங்கைக்கு, பேரனின் மச்சம் பற்றி

அன்புள்ள மங்கை,

பேரனின் பிறவி மச்சத்துத் துண்டைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் 'நரம்பு போன்ற மாற்றம்' என்று பார்த்ததிலிருந்து உனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய போட்டோவை நாலு முறை படித்துவிட்டேன். அது புற்றுநோயைக் குறிக்கும் வார்த்தை இல்லையடி. முதலில் சாப்பிடு.

முப்பது வருஷமாய் மைக்ராஸ்கோப்பில் திசு ஸ்லைடு பார்க்கிறேன். பெரிய பிறவி மச்சத்தில் மேலே உருண்டைச் செல்கள் கூடு கூடாய் இருக்கும், கறுப்பு நிறத்தோடு. ஆழம் போகப் போக நிறம் வற்றி, செல்கள் மெலிந்து நீண்டு அலையலையாய்ப் படுத்திருக்கும். நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்லின் அச்சு அசல் சாயல். சில இடத்தில், விரல் நுனியில் தொடு உணர்வுக்கென்று இருக்கும் குட்டி உருண்டைகளைப் போலவே அடுக்கிக்கொள்ளும். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு மெய்சிலிர்க்கும்.

கருவில் நரம்பு முகடு என்ற இடத்திலிருந்துதான் நிறச் செல், ஷ்வான் செல் இரண்டும் வருகின்றன. ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். மச்சத்துக்கும் நரம்புக்கும் உறவு உண்டென்று பியர் மாசோன் என்ற நோய்க்கூறு வல்லுநர் 1926-லேயே எழுதினார். நரம்போடு ஒட்டிப் போகும் ஷ்வான் முன்னோடிச் செல்களிலிருந்தே தோலின் நிறச் செல்கள் பல உண்டாகின்றன என்று 2009-இல் காட்டினார்கள். அவன் மச்சம் மெத்தென்று மடிப்பு விழுந்திருப்பதாகச் சொன்னாயே, இந்த மாற்றம் மிகுந்த மச்சம் அப்படித்தான் இருக்கும்.

ஆழத்துத் துண்டு ஒன்றை மட்டும் பார்த்து நரம்புக்கட்டி என்று எழுதப் போனேன் ஒருமுறை. செல்லின் வகையை அடையாளம் காட்டப் போடும் எஸ்-100 சாயம் மச்சம், நரம்புக்கட்டி இரண்டிலும் ஏறும், அதனால் அது கைகொடுக்கவில்லை. மேல்தோலோடு சேர்ந்த துண்டு வந்த பிறகுதான் மச்சம் என்று தெரிந்தது. அந்தக் குழந்தையின் அம்மா முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கிரகணத்தில் வெளியே போனதால் வந்தது என்று உன் மருமகளை யாரோ சொன்னார்களாமே. அதைக் கேட்டு எனக்குக் கோபமே வந்தது. இந்த அளவு மச்சங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் என்ராஸ் (NRAS) என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். கருவில் ஏதோ ஒரு செல்லில் தானாய் நேர்வது, யாரும் கொடுத்ததில்லை. அவளிடம் இதை நீயே உன் வாயால் சொல்.

ஆனால் மச்சத்தின் மேலிருந்து கண்ணை எடுத்துவிடாதே. 20 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் மச்சத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வர வாய்ப்பு குறைவு, ஆனால் உண்டு. கெட்டியாய்ச் சட்டென்று வளரும் கட்டி, புண், ரத்தக்கசிவு, வலிப்பு, ஓயாத தலைவலி எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ. வருஷா வருஷம் காட்டு.

என் முழங்கால் பரவாயில்லை. பொங்கல் கழிந்து வருகிறேன். அந்த ஸ்லைடை லேபில் கேட்டு வாங்கி வை, நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

உன்
வசந்தா