இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின் 9-வது பிரிவுக்கு இந்தியா போட்ட நிபந்தனையை விலக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசா, உக்ரைன், மியான்மர் என்று எந்தப் போர்ச் செய்தி வந்தாலும் எங்கள் பந்தலூர் பஜாரில் பேச்சு கடைசியில் முள்ளிவாய்க்காலில்தான் வந்து நிற்கும். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கே நிறைய. கண்டி, அட்டன் பக்கம் இன்னும் சொந்தபந்தம் உண்டு. காம்பியா என்ற குட்டி நாடு ரோஹிங்கியா மக்களுக்காக 2019-ல் மியான்மரைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது, தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பரில் இஸ்ரேலை இழுத்தது, பக்கத்திலேயே இருக்கும் இந்தியா ஏன் இலங்கை மேல் வழக்குப் போடவில்லை என்று கேட்கிறார்கள். டெல்லிக்கு மனசில்லை என்பது ஒரு பதில். ஆனால் மனசே இருந்தாலும் முடியாது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம், பத்திரிகைகளும் இதை எடுத்துச் சொல்வதில்லை.

இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 9-ல் ஏற்றுக்கொண்டது. அதன் 9-வது பிரிவுதான் உயிர்நாடி. உறுப்பு நாடுகளுக்குள் இது பற்றித் தகராறு வந்தால் ஏதாவது ஒரு தரப்பு கேட்டாலே ஹேக் நகரில் இருக்கும் அந்தச் சர்வதேச நீதிமன்றம் விசாரிக்கலாம். வழக்குப் போடுகிற நாடு நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றும் காம்பியா வழக்கில் 2022-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலங்கை 1950-லேயே சேர்ந்துவிட்டது, 9-வது பிரிவுக்கு எந்த நிபந்தனையும் போடவில்லை. இந்தியாவோ 1959-ல் உறுதிசெய்தபோது, ஒவ்வொரு வழக்கிலும் சம்பந்தப்பட்ட எல்லாத் தரப்பும் சம்மதித்தால்தான் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அந்த நிபந்தனை இந்தியா மேல் வரும் வழக்கைத் தடுப்பதோடு, இந்தியா தொடுக்க நினைக்கும் வழக்கையும் சேர்த்தே தடுக்கிறது. எந்த அரசு தன் மேல் இனப்படுகொலை வழக்கு வரட்டும் என்று சம்மதம் கொடுக்கும், சொல்லுங்கள்.

இது வெறும் காகிதத்தில் இருக்கிற வரி இல்லை. வங்கதேசப் போருக்குப் பிறகு இந்தியாவிடம் இருந்த 195 பாகிஸ்தான் போர்க்கைதிகளை வங்கதேசத்திடம் விசாரணைக்கு ஒப்படைக்கக் கூடாது என்று 1973-ல் பாகிஸ்தான் இதே உடன்படிக்கையைக் காட்டி இந்தியா மேல் வழக்குப் போட்டது. எங்கள் சம்மதம் இல்லாமல் விசாரிக்க அதிகாரம் இல்லை என்று இந்தியா சொல்லிவிட்டது, அந்த ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானே வழக்கைத் திரும்பப் பெற்றது. 2025-ல் சூடான் ஐக்கிய அரபு அமீரகத்தின் மேல் போட்ட வழக்கும் இப்படித்தான் போனது. சூடானின் டார்ஃபூர் பகுதியில் மசாலித் இன மக்களைக் கொன்ற ஆயுதக் குழுவுக்கு அமீரகம் உதவியது என்பது குற்றச்சாட்டு. மார்ச்சில் போட்டார்கள், மே மாதம் நீதிமன்றம் அதை வழக்குப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. கொலை நடந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே போகவில்லை, 9-வது பிரிவுக்கு அமீரகம் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே போதுமாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஆறவே இல்லை.

நிபந்தனையை விலக்க முடியாதா என்றால் முடியும். சோவியத் ஒன்றியம் 1989-ல் விலக்கிக்கொண்டது. அதனால்தான் 2022 பிப்ரவரியில் போர் தொடங்கிய இரண்டு நாளில் உக்ரைன் இதே உடன்படிக்கையை வைத்து, சோவியத்தின் வாரிசான ரஷ்யா மேல் வழக்குப் போட முடிந்தது. மார்ச் 16-ல் 13 நீதிபதிகள் ஒரு பக்கம், 2 பேர் மறுபக்கம், படை நடவடிக்கையை நிறுத்து என்று உத்தரவு வந்தது. அந்த 13 பேரில் இந்திய நீதிபதி தல்வீர் பண்டாரியும் ஒருவர். ரஷ்யா நிறுத்தவில்லை என்பதும் உண்மை. செர்பியா மேல் வழக்குப் போட்ட போஸ்னியாவுக்கு 1993-லேயே இடைக்கால உத்தரவு கிடைத்தும் 1995-ல் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலை நடந்தது, இறுதித் தீர்ப்பு 2007-ல்தான் வந்தது. அந்த நீதிமன்றத்துக்குப் போலீஸ் கிடையாது. ஆனாலும் படுகொலையைத் தடுக்கத் தவறியது செர்பியா என்று ஒரு தீர்ப்பு இன்று எழுத்தில் இருக்கிறது, அதை யாராலும் அழிக்க முடியாது. அப்படி ஓர் எழுத்துகூட முள்ளிவாய்க்காலுக்கு இல்லை.

வழக்குப் போட்டால் வென்றுவிடுவோம் என்று நான் சொல்லவில்லை. போரில் எத்தனை பேர் செத்தாலும், ஓர் இனத்தையோ மதத்தவரையோ அந்த அடையாளத்துக்காகவே அழிக்கும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும், அது ரொம்பக் கஷ்டம். குரோஷியா, செர்பியா இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சுமத்திய குற்றச்சாட்டு இரண்டுமே 2015-ல் தள்ளுபடி ஆனது. எங்கள் தாத்தா பாட்டிகளின் குடியுரிமையை 1948-ல் பறித்து, அப்புறம் அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு அரசுகள் பங்கு போட்டுக்கொண்டதும் இந்த உடன்படிக்கைக்குள் வராது. அநியாயம் என்பது வேறு, இனப்படுகொலை என்ற சட்டக் குற்றம் வேறு. ஆனால் அது எது என்று தீர்மானிக்க வேண்டியது சாட்சியும் ஆவணமும் பார்க்கிற நீதிமன்றம், நாடுகள் வசதிக்கேற்பப் போட்ட நிபந்தனை அல்ல.

விலக்கினால் நாளை இந்தியா மேலும் வழக்கு வரலாம். வரட்டும், பதில் சொல்வோம். சட்டத் திருத்தம்கூட வேண்டாம், ஐ.நா. பொதுச்செயலாளருக்கு ஒரு கடிதம் போதும். இலங்கைத் தமிழருக்காகச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் குரல் கொடுக்கும் எல்லாக் கட்சி உறுப்பினர்களையும், முக்கியமாக நீலகிரித் தொகுதியின் சார்பில் டெல்லிக்குப் போகிறவரையும் கேட்கிறேன்: 1959-ல் போட்ட அந்த நிபந்தனை இன்னும் ஏன் இருக்கிறது, அதை விலக்கும் எண்ணம் உண்டா என்று அடுத்த கூட்டத்தொடரில் எழுத்துபூர்வமாகக் கேள்வி கேளுங்கள். வெளியுறவுத்துறை தரும் பதிலை நீங்களும் உங்கள் முதல் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பியோர் குடும்பத்து வாசகர் ஒருவர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்