இமை தொங்கினால் ஈசிஜியும் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இதயத் துடிப்புக் கோளாறு பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரை ரத்த அழுத்தம், தைராய்டு, மது என்று காரணங்களைச் சரியாகவே அடுக்கியிருந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் ஒரே வரி: செல்லின் மின்நிலையம், பழுதானால் இதயம் களைத்துவிடும். களைப்போடு நின்றால் பரவாயில்லையே!

இதயத் தசைச் செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அது தயாரிக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு முழுவதும் தசை சுருங்கவே போய்விடுவதில்லை. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கால்சியத்தைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறைக்குத் திருப்பி இழுக்கவும், சோடியத்தை வெளியே தள்ளவும் கணிசமாகச் செலவாகிறது. ஏடிபி குறைந்தால், அதுவரை மூடியிருந்த சில பொட்டாசியம் வாசல்கள் திறந்துகொள்ளும். அந்தத் திட்டில் மின் அலை சோர்ந்துபோகும். சுற்றியுள்ள தசை நன்றாக இருக்க நடுவில் ஒரு திட்டு மட்டும் இப்படி ஆனால், மின்னோட்டம் அதையே வட்டமடிக்க வழி கிடைத்துவிடும். போதாக்குறைக்கு, பழுதான மைட்டோகாண்ட்ரியா கக்கும் வீரியமிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் சேமிப்பறையின் கதவைக் கெடுக்கும். கால்சியம் நேரங்கெட்ட நேரத்தில் ஒழுகும். துடிப்பு முந்திக்கொண்டு வரும். மாரடைப்பு நோயாளிக்கு அடைப்பை நீக்கி ரத்தம் பாய்ந்த கொஞ்ச நேரத்தில் மானிட்டரில் துடிப்பு தாறுமாறாவதில் இதற்கும் பங்கு உண்டு.

கட்டுரை தொடாமல் விட்டது பிறவியிலேயே வரும் மைட்டோகாண்ட்ரியா நோய்களை. 1958-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கியர்ன்ஸ், சேயர் இருவரும் விவரித்த நோயை எடுத்துக்கொள்வோம். 20 வயதுக்குள் தொடங்கிவிடும். இரண்டு இமைகளும் மெல்ல மெல்லத் தொங்கும். கண்ணை உருட்ட முடியாததால், பக்கத்தில் பார்க்கத் தலையையே திருப்ப வேண்டியிருக்கும். நேரே பார்க்க மோவாயைத் தூக்க வேண்டியிருக்கும். விழித்திரையில் நிறமி படியும். இவர்கள் முதலில் போவது கண் மருத்துவரிடம். இமையைத் தூக்கித் தைப்பதற்கு நாள் குறிக்கும் முன் ஓர் ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் கோரிக்கை.

அந்தத் தாளில் என்ன பார்ப்பது? தாள் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும்போது ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி. மேலறை தூண்டப்படுவதைக் காட்டும் பி அலை தொடங்கும் இடத்திலிருந்து, கீழறை தூண்டப்படுவதைக் காட்டும் கியூஆர்எஸ் தொடங்கும் இடம் வரை 3 முதல் 5 கட்டம் இருந்தால் சரி. 5-ஐத் தாண்டினால் மின்கடத்தல் தாமதமாகிறது என்று பொருள். வேறொரு இளைஞருக்கு இந்த அளவு தாமதம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடலாம். இந்த நோயில் விடக்கூடாது. கீழறைக்கு மின்சாரம் கொண்டுபோகும் பாதையின் வலக் கிளையும் இடக் கிளையின் முன்பிரிவும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகி, மேலறை மின்சாரம் கீழறைக்கு எட்டவே எட்டாத முழுத்தடை எதிர்பாராத வேகத்தில் வந்துவிடும். மயங்கி விழுந்த பிறகு தேடுவது தாமதம். அதனால்தான் கடத்தல் கோளாறு தெரிந்த கட்டத்திலேயே பேஸ்மேக்கர் வைப்பது பற்றிப் பேசுகிறோம். வைத்த பிறகும் கால்சியம், மக்னீசியம் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவர்களில் பலருக்கு, ரத்தக் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பு குறைவு. கால்சியமும் மக்னீசியமும் இறங்கினால், கீழறை தூண்டப்பட்டு ஓயும் நேரமான கியூடி இடைவெளி நீண்டு ஆபத்தான வேகத் துடிப்பு கிளம்பக்கூடும்.

மைட்டோகாண்ட்ரியா நோய் என்றாலே தாய்வழி என்று பொதுவாகச் சொல்வதும் பாதி உண்மை. மேலே சொன்ன நோயில் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவின் ஒரு பெரிய துண்டே காணாமல் போயிருக்கும். அது பெரும்பாலும் தாயிடமிருந்து வருவதல்ல. அதே டிஎன்ஏவின் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறும் கோளாறு போன்றவைதான் தாய்வழியில் இறங்கும். அம்மா, மாமா, சித்தி என்று வரிசையாக இளம் வயதிலேயே சர்க்கரையும் காது மந்தமும் இருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். இவர்களில் சிலருக்கு மின்சாரம் மேலறையிலிருந்து கீழறைக்குக் குறுக்குவழியில் இறங்கும். ஈசிஜியில் கியூஆர்எஸ் ஏறும் இடம் சரிவாக இருக்கும். அப்படிப்பட்டவருக்கு மேலறை நடுக்கம் வந்தால் துடிப்பைக் குறைக்கத் தரும் வெரபமில், டிகாக்சின் மருந்துகள் இரண்டும் ஆகாது. குறுக்குவழி வேகம் பிடித்து, கீழறையும் நடுங்கத் தொடங்கிவிடலாம்.

ரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள். 3243 மாற்றம் வயது ஏற ஏற ரத்தத்தில் குறைந்துகொண்டே போகும். சிறுநீரில் உதிரும் செல்களில் நன்றாகத் தெரியும். துண்டு காணாமல் போகும் வகைக்குத் தசைத் துணுக்கே எடுக்க வேண்டிவரும். மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவும் என்று கோ-கியூ10 சத்து மாத்திரையைச் சிலர் தாமாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பேஸ்மேக்கருக்கு அது மாற்றல்ல.

கடைசியாக ஒரு சொல் பற்றி. நம்மூரில் ‘ஹார்ட்ல பிளாக்’ என்றால் ரத்தக்குழாய் அடைப்பு. ஈசிஜி அறிக்கையில் ‘ஹார்ட் பிளாக்’ என்று இருந்தால் மின்தடை. ஆஞ்சியோவில் குழாய் சுத்தம் என்றதும் இரண்டாவதையும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை அச்சிடும்போது எந்த பிளாக் என்று சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
இதயத் துடிப்புச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் இருவர்,
மதுரை