மவுண்ட்டுக்குக் கீழே கொஞ்ச நேரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் எதிராளியைத் தரையில் மடக்கிப் பூட்டுகிற, நெரிக்கிற கலையான பிரேசிலியன் ஜியு ஜிட்சு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்தக் கலையைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் வருவதே அபூர்வம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் சீக்கிரம் முன்னேற என்று கடைசியில் கொடுத்திருந்த யோசனைகளைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு, தினம் ஒரு புது டெக்னிக், ராத்திரி யூடியூப். வேலைக்குப் போகிற, முப்பதைத் தாண்டிய ஒருவர் இதை நம்பி இறங்கினால் மூன்றாவது மாதம் மேட்டில் (பயிற்சி விரிப்பில்) இருக்க மாட்டார். சென்னையில் மாலை வகுப்புக்குப் போகிற பர்ப்பிள் பெல்ட்காரன் நான் (வெள்ளை, ப்ளூ, பர்ப்பிள், பிரவுன், கறுப்பு என்ற வரிசையில் மூன்றாவது படி). புதிதாக வருகிறவர்களோடு பெரும்பாலும் என்னைத்தான் ஜோடி சேர்த்து விடுவார் கோச். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கட்டுரை பி.ஜே. பென்னை உதாரணம் காட்டுகிறது. ஹவாய்க்காரரான அவர் மூன்று வருஷம் சொச்சத்தில் பிளாக் பெல்ட் வாங்கி, 2000-ல் பிரேசிலுக்கே போய் உலகப் போட்டியின் பிளாக் பெல்ட் பிரிவில் தங்கம் வென்றார். பிரேசில்காரர் அல்லாத ஒருவர் அதைச் சாதித்தது அதுவே முதல் தடவை. எல்லாம் சரி. அப்போது அவருக்கு வயது 21. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் கைரேகை வைக்க வேண்டியவர்களுக்கு அவரை அளவுகோலாக்கினால் எப்படி? இந்தக் கலையின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப். விதிப்படி, பெரியவர்கள் பொதுவாக ப்ளூ பெல்ட்டில் குறைந்தது 2 வருஷம், பர்ப்பிளில் ஒன்றரை, பிரவுனில் 1 வருஷம் இருந்தாக வேண்டும். நடைமுறையில் வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகப் பலருக்குப் பத்து வருஷம் பிடிக்கிறது. அவ்வளவு நீளமான பயணத்தில் எத்தனை நாள் போகிறோம் என்பதைவிட, போன நாளில் அந்த ஒன்றரை மணி நேரத்தை எதில் செலவழிக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம்.

பெரும்பாலான இடங்களில் வகுப்பு இப்படித்தான் நடக்கிறது: வார்ம்-அப், அன்றைய டெக்னிக், எதிர்ப்பே காட்டாத ஜோடியோடு அதை இருபது தடவை செய்து பார்ப்பது, கடைசியில் ஐந்து நிமிஷ ரோல்கள், அதாவது நிஜமாகவே மோதிப் பார்க்கிற சுற்றுகள். ஒரு ரோலில் என்ன நடக்கிறது பாருங்கள். முட்டி போட்டு ஆரம்பித்து, பிடிக்குப் பிடி மல்லுக்கட்டி, மூச்சு வாங்கி, நாலாவது நிமிஷத்தில் மவுண்ட்டுக்குக் கீழே, அதாவது மல்லாந்து கிடக்க எதிராளி மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் நிலையில், மாட்டுகிறார் புதியவர். தப்பிக்கக் கற்றுக்கொள்ள அந்த ரோலில் கிடைத்த வாய்ப்பு அந்த ஒன்றுதான். அதுவும் களைத்துப்போன பிறகு. அதற்குப் பதில் மவுண்ட்டிலேயே ஆரம்பியுங்கள். கீழே இருப்பவர் தப்பித்தாலும், மேலே இருப்பவர் முடித்தாலும், உடனே மறுபடி அதே நிலையிலிருந்து தொடங்க வேண்டும். அதே ஐந்து நிமிஷத்தில் ஏழெட்டு வாய்ப்பு வந்துவிடும். பொசிஷனல் ஸ்பாரிங் என்று இதற்குப் பெயர். ஒன்றும் ரகசியமில்லை, எல்லாக் கோச்சுக்கும் தெரியும். ஆனாலும் வகுப்பில் இதற்கு நேரம் ஒதுக்குகிறவர்கள் குறைவு. ரோல்தான் சுவாரசியம், அதற்காகத்தானே ஆட்கள் கட்டணம் கட்டுகிறார்கள் என்ற நினைப்பு.

மவுண்ட்டில் மாட்டியதும் புதியவர் செய்கிற முதல் காரியம், இரண்டு கையையும் நீட்டி மேலே இருப்பவர் நெஞ்சைத் தள்ளுவது. நீட்டிய கையை முழங்கையில் முறுக்கிப் பூட்டுகிற ஆர்ம்பாரை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதைதான். இரண்டு சுற்று அப்படியே போகும். மூன்றாவதில், யாரும் சொல்லாமலே முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சொல்லிக் கொடுப்பது சுலபம்: இடுப்பைத் தூக்கி முட்டு, நிலைகுலைந்து அவர் மேட்டில் கையை ஊன்றுகிற நேரத்தில் பக்கவாட்டில் திரும்பு, முன்னங்கையை அவர் இடுப்பெலும்பில் முட்டுக்கொடு, அடியில் இருக்கிற முழங்காலை உள்ளே நுழை. அவருடைய ஒரு காலை நம் கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்கிற ஹாஃப் கார்டாவது கிடைத்துவிடும். எதிர்ப்பில்லாத ட்ரில்லில் உடம்புக்கு வழி தெரியும், நேரம் தெரியாது. எப்போது திரும்புவது என்பதை எதிராளியின் எடைதான் சொல்லித்தரும்.

தினம் ஒரு புது டெக்னிக் என்கிற யோசனைக்கு ரோஜர் கிரேஸியே பதில். பிளாக் பெல்ட்டில் 10 உலகப் பட்டங்கள் வென்றவர். மவுண்ட்டில் உட்கார்ந்து, காலரைக் குறுக்காகப் பிடித்து நெரிப்பது அவர் பேர்போன முடிவு. வெள்ளை பெல்ட்டுக்கு ஆரம்ப மாதங்களிலேயே சொல்லித்தருகிற பிடி அது. வரப்போவது இன்னதென்று எதிராளிக்கும் தெரியும், இருந்தும் தடுக்க முடிந்தவர்கள் சொற்பம். வீடியோ பார்க்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைக்கு சைட் கன்ட்ரோலில் (எதிராளி பக்கவாட்டிலிருந்து நெஞ்சின் மேல் அழுத்தும் நிலை) மாட்டி விழித்தீர்களா, ராத்திரி அதை மட்டும் தேடிப் பாருங்கள். பெரிம்போலோ மாதிரி சுழன்று செய்கிற வித்தைகள் எங்கேயும் ஓடிவிடாது.

இன்னொன்று, பிடியில் மாட்டியதும் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வதுதான் வழக்கம்; அப்படித் தட்டாமல் தாங்குவதைப் போர்க்குணம் என்று கட்டுரை புகழ்ந்திருந்தது. 1951-ல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா, இந்தக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஹீலியோ கிரேஸியின் கையைப் பூட்டினார். ஹீலியோ கடைசிவரை தட்டவில்லை. கை முறிந்ததாகக் கிமுராவே பின்னால் எழுதினார். ஹீலியோ தரப்பிலிருந்துதான் ஆட்டத்தை நிறுத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு இன்றைக்கும் கிமுரா என்றே பெயர். ஆயிரக்கணக்கானோர் பார்க்க நடந்த மானப் பிரச்சினை அது. செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பில் அந்த வீரம் எதற்கு? முழங்கைத் தசைநார் பிய்ந்தால் மாதக்கணக்கில் மேட் பக்கம் போக முடியாது. அந்த மாதங்களில் சீக்கிரமே தட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்த ஜோடிக்காரர் உங்களைத் தாண்டிப் போயிருப்பார்.

தொடர்ந்து வர முடியாமல் போவதற்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு, கட்டுரை அதைத் தொடவே இல்லை. படர்தாமரை. சென்னைப் புழுக்கத்தில் கி என்கிற பயிற்சி உடை நனைந்து கல் மாதிரி கனக்கும். அதைப் பையிலேயே சுருட்டி வைத்து மறுநாள் எடுத்துப் போடுகிற புண்ணியவான் ஒருவர் இருந்தால் போதும், வகுப்பில் பாதிப் பேருக்கு ஒட்டிவிடும். படர்தாமரை வந்தவர் அது ஆறும்வரை மேட்டில் ஏறக் கூடாது. அன்றன்றைக்கே துவைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் ஒரு நாளில் காயாது, ஆகவே இரண்டு கி வைத்துக்கொள்வதுதான் வழி. நாலாயிரம் ரூபாய் வீடியோ கோர்ஸை அப்புறம் வாங்கலாம்.

இந்தத் தொடரின் அடுத்த பகுதியில் கோச்சுகளின் பேட்டி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். ஒரு வகுப்பில் எத்தனை நிமிஷம் பொசிஷனல் ஸ்பாரிங்குக்குக் கொடுக்கிறீர்கள், ஐம்பது கிலோ பெண்ணையும் தொண்ணூறு கிலோ ஆணையும் அதில் எப்படி ஜோடி சேர்க்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வாசகர்களுக்கு, பதக்கப் பட்டியலைவிட அது உபயோகப்படும்.

இப்படிக்கு,
வாசகர்,
வேளச்சேரி, சென்னை.